எனக்கும் முப்பத்தொரு நாள்

என் காரின் நிறம் தங்கம். பெருமைக்காக அடித்ததல்ல. மணவறைத் தூண்களுக்கு வாங்கிய தங்கப் பெயின்ட் இரண்டு வாளி மிச்சமிருந்தது, அவ்வளவுதான். வயலில் ஓட வரும் மற்றக் கார்கள் மண்டையோடும் பல்லைக் காட்டும் நாயும் வரைந்து பயமுறுத்திக்கொண்டு நிற்கும். என்னுடையது கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாமியைப் போல நிற்கும். இரண்டு சுற்று முடிந்தால் சேறு எல்லாரையும் ஒரே நிறமாக்கிவிடும், அதனால் ஒருவரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை.

நாங்கள் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் மணவறை வாடகைக்கு விடுகிறவர்கள். அப்பா தொடங்கிய தொழில். கலியாணம், சாமத்திய வீடு, அறுபதாம் பிறந்தநாள் என்று எதற்குக் கேட்டாலும் தூண், வளைவு, பின்திரை, நாற்காலி, குத்துவிளக்கு எல்லாம் கொண்டுபோய்ப் பூட்டி, முடிந்ததும் கழற்றிக்கொண்டு வருவோம். துறைமுகப் பக்கம் எங்களுக்கு ஒரு லாகர் இருக்கிறது. களஞ்சியம் என்று அதை ஒருநாளும் சொன்னதில்லை. தம்பி துணியும் லைட்டும் பார்ப்பான். தம்பியின் மனைவி பூ வேலை. தூண், ஆணி, ஏணி, சாமான் ஏற்றும் வான் ஓட்டம் எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு தூணின் அடியிலும் அப்பா தன் கையால் இலக்கம் எழுதி வைத்திருக்கிறார். முதலாம் இலக்கத் தூணை நல்ல நேரம் பார்த்துத்தான் நிறுத்துவோம். பெண்ணின் தாய் வந்து அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் இரண்டாவதைத் தொடுவோம். அப்பாவுக்கு இதில் விளையாட்டே கிடையாது. மண்டபத்தின் சாவி வரப் பிந்தி நேரம் தவறிவிட்டால், அடுத்த நல்ல நேரம் வரைக்கும் நாங்கள் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வானுக்குள் இருப்போம்.

கார் ஓட்டம் வந்தது தற்செயலாக. சாமான் ஏற்றி இறக்கிய பழைய கார் ஒன்று ஐந்து வருடங்களுக்கு முன்னர் வாகனப் பரிசோதனையில் தேறவில்லை. பழைய இரும்பு வாங்குகிற ஒரு ஜெர்மன்காரரிடம் கொண்டுபோனேன். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், எண்ணெய்க் கறை இல்லாத உடுப்பில் நான் அவரைப் பார்த்ததில்லை. காரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, இதை நசுக்குவது பாவம், கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வயலுக்குக் கொண்டுவா என்றார். எந்த வயல் என்று கேட்டேன். அப்படித்தான் தொடங்கியது.

ஸ்டொக் கார் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்த நான் முயன்றதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அறுவடை முடிந்த வயலில் ஒரு வட்டம் உழுதிருப்பார்கள். தூசி பறக்காமலிருக்க விவசாயி டிராக்டரில் தண்ணீர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு வந்து நனைத்துவிடுவார். காருக்குள் ஓட்டுநர் இருக்கையையும் இரும்புக் கூட்டையும் தவிர ஒன்றும் இருக்காது. கதவுகளை ஒட்டி அடைத்துவிடுவதால் ஜன்னலால்தான் ஏற வேண்டும். கொடி விழுந்ததும் பத்துப் பன்னிரண்டு கார்கள் ஒன்றாகப் பாயும். முன்னால் போகிறவரைப் பின்னால் இடித்துச் சுழற்றிவிடலாம், அது விளையாட்டில் சேர்த்தி. ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் இடிக்கக்கூடாது. இடித்தால் வெளியே போக வேண்டியதுதான்.

இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. கலியாண மண்டபத்தில் இப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கே எல்லாரும் நேரே கதவில்தான் இடிப்பார்கள், அதுவும் கையில் பலகாரத் தட்டோடு. "இன்னும் பிள்ளை இல்லையோ" என்று ஒரு அன்ரி கேட்கிற வேகத்துக்கு எந்த இரும்புக் கூடும் தாங்காது.

பெண்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. கோடைக்கு ஆறு ஓட்டம், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். எங்கள் தொழிலில் சனியும் ஞாயிறும்தான் வேலை நாட்கள். சனிக்கிழமை நான் எவ்வளவு நேரமும் நிற்பேன், ஞாயிறு தம்பி பார்த்துக்கொள்வான், இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். அப்பாவுக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரியும். ஒரு முறை லாகர் முற்றத்தில் காரைப் பார்த்திருக்கிறார். நெளிந்துபோன முன்பக்கத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, பெயின்டைத்தான் விசாரித்தார்.

ஆனால் ஊருக்கு அவர் சொல்வது வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் என் கலியாணத்தைச் சொல்ல வேண்டும்.

நான் முப்பத்து மூன்று வயதில் கலியாணம் கட்டினேன். அவர் ஸ்ருட்கார்ட்டில் வேலை செய்தார். நல்ல மனிதர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, பிரிந்த பெண்கள் ஒன்றில் அழ வேண்டும் அல்லது திட்ட வேண்டும். இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தால் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. மூன்றாம் வருடம் நான் டோர்ட்மண்டுக்குத் திரும்பி வந்தேன். அதற்கடுத்த வருடம் கோர்ட்டில் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அவர் என்னை ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

அப்பா இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மணவறை வாடகைக்கு விடுகிற வீட்டுப் பெண் பிரிந்து வந்துவிட்டாள் என்றால் எந்தத் தாய் தன் மகளின் கலியாணத்துக்கு எங்களைக் கூப்பிடுவாள் என்பது அவருடைய பயம். அந்தப் பயம் வீண் பயமும் அல்ல. ஆகவே மருமகன் ஸ்ருட்கார்ட்டில் வேலை, மகள் தொழிலைப் பார்க்க இங்கே நிற்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்விடுவாள் என்று ஒரு கதையைக் கட்டினார். ஞாயிறு மண்டபத்தில் யாராவது என்னைக் கேட்டால், அவ அவரிட்டைப் போட்டா என்பார். அந்த நேரத்தில் நான் எங்கேயோ ஒரு வயலில் தலைக்கவசத்துக்குள் சேறு தின்றுகொண்டிருப்பேன்.

நான் மறுத்துச் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். அந்தப் பொய்யால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. நான்கு வருடமாக அப்பா பொய் சொன்னார், அதன் தயவில் நான் கார் ஓட்டினேன். இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

சென்ற ஆவணியில், ஒரு திங்கட்கிழமை, ரொறன்ரோவில் பெரியப்பா காலமானார். அப்பாவின் ஒரே அண்ணன். நான் அவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் நான் மெலிந்துவிட்டேன் என்று சொன்னார். செய்தி வந்தபோது நாங்கள் லாகரில் ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்துக்குத் துணி பிரித்துக்கொண்டிருந்தோம். அப்பா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை போட்டார்" என்றார். தம்பி நாற்காலி எடுத்துப் போட்டான். அப்பா அதில் அமரவில்லை.

சாவீட்டுத் தீட்டை நாங்கள் துடக்கு என்போம். ஆண் வழிச் சொந்தத்தில் ஒருவர் இறந்தால் அந்த வழியில் வந்த எல்லாருக்கும் முப்பத்தொரு நாள். கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியம் எதிலும் கை வைக்கக்கூடாது. சாவு கனடாவில் நடந்தாலும் துடக்கு டோர்ட்மண்டுக்கு வந்துவிடும், அதற்கு விசா தேவையில்லை. துடக்கு வீட்டார் மணவறை கட்டுவதைப் போல ஒரு அபசகுனம் எங்கள் ஆட்களிடையே இல்லை. அந்த முப்பத்தொரு நாளுக்குள் எங்களுக்கு மூன்று கலியாணங்கள் இருந்தன. முதலாவது அந்த ஞாயிறு. அதே ஞாயிறுதான் எனக்கு வருடத்தின் கடைசி ஓட்டம். பெண்கள் பிரிவில் புள்ளிகளில் நான் இரண்டாவதாக நின்றேன். அவ்வளவு மேலே நான் முன்னர் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா எங்களைக் கூப்பிட்டுத் தன் முடிவைச் சொன்னார். தனக்கும் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் துடக்கு. மகளைக் கட்டிக்கொடுத்தால் அவள் புருஷன் வழிக்குப் போய்விடுவாள், அவளுக்குத் தகப்பன் வழித் துடக்கு இல்லை. ஆகவே மூன்று கலியாணத்தையும் நான் செய்ய வேண்டும், தூக்கி இறக்கக் கூலிக்கு இரண்டு பேரைப் பிடித்துத் தருவார், பெண் வீட்டாருக்கும் அப்படியே சொல்லிவிட்டார்.

பத்து வருடமாகத் தொழில் தம்பிக்குத்தான், பெண் பிள்ளை நாளைக்கு வேறு வீடு என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். இப்போது அந்த வேறு வீடுதான் தொழிலைக் காப்பாற்ற வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் செத்த மறுநாள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"நான் பிரிஞ்சு நாலு வருசம் அப்பா," என்றேன்.

அவர் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். "கோட்டிலை பிரிஞ்சது கோட்டோடை. ஐயர் ஓதிக் கட்டின தாலியை ஆர் ஓதி அவிட்டது?"

நல்ல கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. அப்பா ஒரு வழக்கறிஞராக வந்திருக்க வேண்டியவர். தம்பி கீழே குனிந்து, பிரித்த துணியைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான். நான் ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டம் போனால் போகட்டும், அதற்காகக் கோபம் வரவில்லை. அவருடைய கணக்கில் நான் எங்கே நிற்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது. புருஷன் என்று ஒருவர் இல்லை. பிரிந்தவரின் வழியில் இப்போது வேறு ஒரு பெண் இருக்கிறாள். தகப்பன் வழியிலும் நான் இல்லை. அப்படியென்றால், கட்டிக்கொடுத்த மகளுக்குத் தாய் தகப்பன் சாவில் வரும் மூன்று நாளைத் தவிர, எந்த வீட்டில் யார் செத்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. என் கலியாணத்துக்கு முன் அம்மா செத்தபோது நானும் தம்பியும் முப்பத்தொரு நாள் ஒரே பாயில் இருந்து ஒரே சோற்றைச் சாப்பிட்டவர்கள்.

வாய் என்னிடம் கேட்காமல் திறந்துகொண்டது.

"அப்ப நீங்கள் செத்தாலும் எனக்கு மூண்டு நாள்தான். தம்பி முப்பத்தொரு நாள் இருப்பான். நான் நாலாம் நாள் தலை தோய்ஞ்சிட்டு ஆரோ ஒருத்தரின்ரை கலியாணத்துக்குத் தூண் நிறுத்தப் போவன்."

தம்பி "அக்கா" என்றான். அப்பா என்னைப் பார்க்காமல் மேசையில் இருந்த நூல்பந்தை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். சொன்னது கெட்ட சொல் என்று எனக்குத் தெரியும். திருப்பி எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சாமான் பட்டியலை எடுத்துக்கொண்டு தூண்கள் அடுக்கிய பக்கம் போனேன். வேலையைச் செய்வேன் என்று போகும்போதே சொன்னேன். செய்யாமல் விட்டால் கோபத்தில் விட்டதாக ஆகிவிடும்.

அன்று பின்னேரம் இரும்புக்காரருக்கு அழைத்து, ஞாயிறு என்னால் வர ஏலாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். குடும்ப விஷயம் என்றேன். அவர் எப்படியும் காரை வயலுக்கு ஏற்றிக்கொண்டு போவதாகவும், வராவிட்டால் திரும்பக் கொண்டுவருவதாகவும் சொன்னார். ஜெர்மன்காரர்கள் துருவித் துருவிக் கேட்க மாட்டார்கள். சில நாட்களில் அது பெரிய உதவி.

புதன்கிழமை முழுவதும் அப்பாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. நான் தூண்களைத் துடைத்தேன். வளைவில் உதிர்ந்திருந்த இரண்டு மயில்களுக்குத் தங்கம் பூசினேன். துடக்கு என்பதால் அவர் எந்தச் சாமானையும் தொடவில்லை. தன் லாகருக்குள் தானே விருந்தாளி போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் முதலாம் இலக்கத் தூணை வானுக்குள் எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, வலது பக்கம் என்று சொல்ல வாய் எடுத்ததைக் கண்டேன். சொல்லவில்லை. நான் இடது பக்கம் வைத்தேன். பிறகு இறக்கும்போது கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்து, அவர் வெளியே போனதும் வலது பக்கம் மாற்றினேன்.

வியாழன் காலை லாகருக்குப் போனபோது வான் கதவு திறந்திருந்தது. ஏற்றி வைத்த தூண்கள் எல்லாம் திரும்பவும் சுவரோரம் சாத்தியிருந்தன. துடக்கோடு தொட்டிருக்கிறார்கள் என்பதுதான் முதலில் எனக்கு உறைத்தது. உள்ளே சின்ன அறையில் அப்பா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருக்கவில்லை. மறுபக்கத்தில் பெண்ணின் தாய் என்று பேச்சில் விளங்கியது.

"இல்லைப் பிள்ளை, மகளாலையும் ஏலாது," என்றார் அப்பா. "செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பிழை. அவை பிரிஞ்சு நாலு வருசம். நான்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவ இப்ப எங்கட வீடு. அவவுக்கும் முப்பத்தொரு நாள்."

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓம், ஓம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக் கொடுத்தார். அது எஸ்ஸனில் எங்களுக்குப் போட்டியாகத் தொழில் செய்கிறவருடைய இலக்கம். அவருடைய மணவறையைத் தகரக் கொட்டில் என்று பத்து வருடமாகப் பழிக்கிறவர், அவருடைய தூண்கள் நல்ல திறம், நேரத்துக்கு வந்து செய்து தருவார் என்று அந்த அம்மாவுக்கு உறுதி சொன்னார்.

அந்த அம்மா என்ன சொன்னார் என்பது தம்பி மூலம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. "எங்களுக்கு அது தெரியும் அண்ணை" என்றாராம். டோர்ட்மண்டில் எல்லாருக்குமே தெரியுமாம். அப்பாவின் மனம் நோகக்கூடாது என்று நான்கு வருடமாக ஸ்ருட்கார்ட் மருமகனைச் சுகம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு அந்த அன்ரிமாரில் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது. ஆனால் பிரிந்ததைத் தெரிந்திருந்தும், துடக்கு என்றதும் இன்னொரு ஆளின் இலக்கத்தை வாங்கிக்கொள்ள அவர் தயங்கவில்லை. அது அது, இது இது.

அப்பா வெளியே வந்து என்னைக் கண்டார். நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று கலியாணமும் போய்விட்டது, இனி அந்த வீடுகளில் நடக்கும் எதற்கும் எங்களைக் கூப்பிடுவார்களா என்பதும் தெரியாது. குழப்படி செய்த பிள்ளையை அதட்டுகிற குரலில் அப்பா பேசினார்.

"மச்சம் மாமிசம் ஒண்டும் வாயிலை வைக்கப்படாது. கோயில் பக்கம் போகப்படாது. முப்பத்தொரு நாள். விளங்குதோ?"

"ஓம் அப்பா," என்றேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தீட்டு என்று சொல்லப்பட்டதற்கு ஒருத்தி சந்தோஷப்படுவாள் என்று முதல் நாள் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். அப்பாவிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தூண்களுக்கு உறை போட்டோம்.

ஞாயிறு வயலுக்குப் போனேன். துடக்குக்காரர் கார் ஓட்டக்கூடாது என்று எந்த ஐயரும் எங்கும் சொல்லியிருக்கவில்லை. காலையில் பெய்த மழையால் வட்டம் கூழாகக் கிடந்தது. கடைசிக்கு முந்திய சுற்று வரைக்கும் நான் முன்னால் ஓடினேன். அப்போது பக்கத்து ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிற ஒரு பெண் பின்னால் வந்து, கதவைத் தொடாமல், மிக ஒழுங்காக இடித்து என்னைச் சுழற்றிவிட்டாள். அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நான்காவதாக முடித்தேன். கிண்ணம் இல்லை.

ஜன்னலால் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றியபோது இரும்புக்காரர் இரண்டு கையிலும் பாணுக்குள் வைத்த பிராட்வூர்ஸ்ட் என்கிற சொசேஜோடு வந்தார். ஓட்டம் முடிந்தால் வென்றாலும் தோற்றாலும் அவர் வாங்கித் தருவது அது. சுட்ட இறைச்சியின் மணம் வந்தது. நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கையை நீட்டவில்லை. வயிறு சரியில்லையா, எங்காவது அடிபட்டதா என்று கேட்டார்.

இல்லை, எங்கள் வீட்டில் ஒரு சாவு, அதனால் ஒரு மாதம் இறைச்சி சாப்பிடமாட்டோம் என்றேன்.

அவர் இரண்டு பாணையும் கார் மூடியில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். எங்கள் வீடு என்று நான் சொன்னது அப்போதுதான் எனக்கே கேட்டது, அழுகை வந்தது. செத்தவருக்காக என்று அவர் நினைத்துக்கொண்டார்.